வறண்ட நில மேலாண்மை படிக்க எங்கே போகலாம்? நெகேவ், அரிசோனா, டொட்டோரி, ஐரோப்பா, ஐதராபாத்: ஓர் ஒப்பீடு

வேளாண்மை, வனவியல், சிவில், புவியியல் என்று ஏதாவது ஒன்றில் பட்டம் வாங்கிவிட்டு, வறண்ட நிலங்களைப் பற்றி மேற்கொண்டு படிக்க நினைப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். கையில் நாலைந்து நாடுகளின் பெயர் இருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது. தரவரிசையைப் பார்ப்பார்கள், அப்புறம் ஸ்காலர்ஷிப்பைப் பார்ப்பார்கள். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் படிப்புக்கு அவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஆய்வு செய்யப்போகும் நிலத்தில் மழை எந்த மாதத்தில் பெய்யும்? அந்த மழை பொய்த்துவிட்டால் உங்கள் ஆய்வேடு என்ன ஆகும்?

இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் முதல் வருடம் வகுப்பிலேயே போய்விடும். களத்துக்குப் போய் அளக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மழைக்காலம். வறண்ட நிலத்தின் இயல்போ, ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் காயும். ஒரே பருவத்து அளவீட்டை வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பல பத்தாண்டுகளாக மழை, மண், மேய்ச்சல், விளைச்சல் எல்லாவற்றையும் விடாமல் பதிந்துவைத்திருக்கும் இடம் எதுவோ, அதற்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, நிலம் எவ்வளவு வறண்டது என்பது. ஓர் இடத்தில் வருடம் பெய்யும் மழையை, அந்த இடத்து வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரின் அளவால் வகுத்தால் வறட்சிக் குறியீடு கிடைக்கும். அது 0.65க்குக் கீழே இருந்தால் அந்த நிலம் உலகக் கணக்கில் வறண்ட நிலம். உலக நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு இதற்குள் வந்துவிடும். ஆனால் 0.2க்கும் 0.5க்கும் நடுவில் இருக்கும் அரை வறண்ட மானாவாரி நிலமும், 0.05ஐ நெருங்கும் பாலைவனமும் ஒரே பாடம் ஆகாது. முதலாவதில் பயிர், மண்ணரிப்பு, கடன், விலை எல்லாம் சேர்ந்த பிரச்சினை. இரண்டாவதில் ஒவ்வொரு சொட்டையும் எங்கே பிடித்து எங்கே சேர்ப்பது என்பதுதான் முழுப் பிரச்சினையும். ஆக, பிறகு எந்த வகை நிலத்தில் வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, மழையின் பருவம். குளிர்காலத்தில் பெய்யும் மழை மெல்ல இறங்கி மண்ணில் தங்கும். கோடையில் இடியோடு கொட்டும் மழை அரைமணி நேரத்தில் ஓடையாகிப் போய்விடும். இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு கட்டுமானம்.

மூன்றாவது, முன்னே சொன்ன நெடுங்காலப் பதிவுகள். நான்காவது, பணம். கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். விடுமுறை மாதங்களில் சோறு யார் போடுவது, களத்துக்குப் போகும் வண்டிக்கு யார் கொடுப்பது, மொழிபெயர்ப்பாளருக்கு யார் கொடுப்பது என்று கேட்பவர் குறைவு. ஐந்தாவது, அந்த நிலம் யாருடையது, அங்கே வாழும் மேய்ப்பர்களும் விவசாயிகளும் பாடத்திட்டத்தில் இருக்கிறார்களா என்பது. மேலாண்மை என்று பெயர் வைத்துவிட்டு மனிதர்களை விட்டுவிட்டால் அது மண்ணியல் படிப்புதான். கடைசியாக, முடித்த பிறகு கதவு எங்கெல்லாம் திறக்கும், எங்கெல்லாம் மூடும்.

## நெகேவ்: ஸெடே போக்கர், இஸ்ரேல்

பாலைவனத்தைப் பாலைவனத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வரும் இடம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம்தான். பென் குரியன் பல்கலைக்கழகத்தின் ஸெடே போக்கர் வளாகத்தில் ஆல்பர்ட் காட்ஸ் பன்னாட்டுப் பாலைவன ஆய்வுப் பள்ளி இருக்கிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். நீர், வறண்ட நில வேளாண்மை, பாலைவனச் சூழலியல், சூரிய ஆற்றல் ஆகியவற்றுக்கான ஆய்வு நிறுவனங்கள் ஒரே வளாகத்துக்குள் உள்ளன. வருடத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். விடுதியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உங்கள் ஆய்வுக்களம்.

அருகிலுள்ள அவ்தாத்தில், 1950களின் கடைசியில் மைக்கேல் எவெனாரியும் கூட்டாளிகளும் நபதேயர் என்ற பழங்காலப் பாலைவன மக்களின் காலத்து ஓடுநீர்ப் பண்ணையை மறுபடி கட்டிப் பயிர் செய்து காட்டினார்கள். சரிவு நிலத்தில் மழை பட்டதும் மண் மேல்படலம் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். அதைச் சிறு வாய்க்கால்களால் திருப்பிக் கீழே இருக்கும் வயலுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு பங்கு வயலுக்கு ஏறத்தாழ 20 பங்கு சரிவு வேண்டும். கண்மாய்க்கு நீர்பிடிப்பு எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பழகிய நம் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

ஆனால் இஸ்ரேலின் புகழ்பெற்ற தீர்வுகள் பெரும்பாலும் குழாயில் வரும் நீரை நம்பியவை. 1965இல் ஹட்ஸெரிம் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனத்தின் சொட்டுநீர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், கழிவுநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுத்திகரித்து வயலுக்கு அனுப்பும் ஏற்பாடு, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய மூலதனமும் அரசின் ஒரே நீர்க்கட்டமைப்பும் இருக்கின்றன. சிறு விவசாயியின் மானாவாரி நிலத்துக்கு இவற்றை அப்படியே எடுத்துவர முடியாது. நீர்த் தொழில்நுட்பமோ பாலைவனச் செடிகளின் உடலியங்கியலோ உங்கள் ஆர்வம் என்றால் இதைவிட நல்ல இடம் குறைவு. கிராமத்து நில மேலாண்மை என்றால் யோசியுங்கள்.

மறைந்திருக்கும் விலை இங்கேதான் அதிகம். 2023 அக்டோபரில் போர் மூண்டது. 2025 ஜூனில் ஈரானின் ஏவுகணை நெகேவின் பெரிய நகரமான பேர்ஷெபாவின் ஸொரோக்கா மருத்துவமனையிலேயே விழுந்தது, வான்வெளியும் மூடப்பட்டது. வீட்டில் இருப்பவர்களின் நிம்மதியும் இந்தக் கணக்கில் சேரும். கடவுச்சீட்டில் இஸ்ரேல் மாணவர் விசா இருந்தால் லெபனான், ஈரான் போன்ற நாடுகளுக்குள் நுழைய முடியாது. மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் பணிபுரிய விரும்புபவருக்கு இது சின்ன விஷயமில்லை. அப்புறம், நெகேவின் பெதூயின் மக்கள் (பரம்பரையாக மேய்ச்சல் செய்துவந்த அரபு மக்கள்) பலர் அரசு அங்கீகரிக்காத கிராமங்களில் வாழ்கிறார்கள். அங்கே மரம் நடுவதுகூட நிலத் தகராறாகி, 2022 ஜனவரியில் பெரிய போராட்டம் வெடித்தது. நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டி அங்கே எந்த ஆய்வும் செய்ய முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

## அரிசோனா: டூசான், அமெரிக்கா

பதிவுகள் என்று பார்த்தால் டூசானுக்கு ஈடு சொல்வது கடினம். நகரத்தின் டுமாமாக் குன்றில் பாலைவன ஆய்வுக்கூடம் 1903இல் தொடங்கியது. தெற்கே சான்டா ரீட்டா மேய்ச்சல் ஆய்வு நிலம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. அங்கே ஒரே இடத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் புல்வெளி எப்படி முள்காடானது என்று கண்ணால் காணலாம். டூம்ஸ்டோன் ஊரைச் சுற்றியுள்ள வால்நட் கல்ச் ஆய்வு நீர்ப்பிடிப்பு, சுமார் 150 சதுர கி.மீ. பரப்பு, 1950களிலிருந்து அளக்கப்படுகிறது. வறண்ட ஓடையில் வெள்ளம் வரும்போது எவ்வளவு நீர் மணலுக்குள்ளேயே இறங்கிக் காணாமல் போகிறது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. நீங்கள் போன வருடம் மழை பொய்த்தாலும் இந்தப் பதிவுகளை வைத்து ஆய்வேட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

மழையும் நமக்குப் பரிச்சயமான மாதிரிதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை கோடைப் பருவமழை, அப்புறம் குளிர்காலத்தில் கொஞ்சம். இரண்டு பருவம் கிடைப்பது ஆய்வு மாணவருக்குப் பெரிய வரம்.

தமிழ்நாட்டு மாணவருக்கு இங்கே இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. அரிசோனாவின் புல்வெளிகளை விழுங்கும் மெஸ்கீட் மரம், நம் கண்மாய்களை நிறைத்திருக்கும் சீமைக் கருவேலத்தின் உறவுக்காரன். ஆடுமாடுகள் காயைத் தின்று விதையைப் பரப்புவதும், வெட்டினால் அடியிலிருந்து தழைப்பதும் இரண்டுக்கும் பொது. அங்கே அது சொந்த ஊர் மரம். மாட்டு மேய்ச்சலும் தீயை அடக்கியதும் சேர்ந்து அதன் எல்லையை விரித்துவிட்டன. இங்கே அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. வெட்டினால் புல் திரும்ப வருமா, எத்தனை வருடம் தாங்கும், மண்ணீர் உண்மையில் கூடுமா என்பதற்கு அங்கே பல பத்தாண்டு அளவீடுகள் இருக்கின்றன. சீமைக் கருவேலத்தை வெட்டி ஒழிப்பது பற்றி உயர் நீதிமன்றம்வரை போன நம் விவாதத்தில் இல்லாமல் போனது இந்த மாதிரி அளவீடுதான். அதைக் கற்றுக்கொண்டு யாராவது திரும்பி வந்தால் தென் மாவட்டங்களுக்கு அது பெரிய உதவி.

பணத்துக்கு வருவோம். வறண்ட நில வளங்களுக்கென்றே அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கும் பல்துறைப் படிப்பு முனைவர் பட்டத்துக்கானது. முதுநிலை என்றால் இயற்கை வளத் துறையில் சேர வேண்டும். கைடிடம் ஆய்வுத் திட்டப் பணம் இருந்து, அவர் உங்களை உதவியாளராக எடுத்துக்கொண்டால் கட்டணமும் சம்பளமும் கிடைக்கும். இல்லாவிட்டால் சொந்தப் பணத்தில் இந்தப் படிப்பைப் படிக்காதீர்கள். இந்தத் துறையின் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது. உதவியாளர் வேலை பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடை மூன்று மாதத்துக்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேளுங்கள். டூசானில் வண்டியில்லாமல் களத்துக்குப் போக முடியாது. படிப்பு அமெரிக்க அரசின் அறிவியல் தொழில்நுட்பப் (STEM) பட்டியலில் இருந்தால், முடித்த பின் 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும் வேலை பார்க்க இப்போதைய விதி இடம் தருகிறது. ஆனால் 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டதோடு, பன்னாட்டு வறண்ட நிலத் திட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பெரும்பணம் நின்றுபோனது. கைடின் திட்டத்துக்கு இன்னும் எத்தனை வருடத்துக்குப் பணம் உறுதியாகியிருக்கிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

## டொட்டோரி, ஜப்பான்

வருடத்துக்கு 1,900 மி.மீ. அளவில் மழையும், குளிர்காலத்தில் பனியும் கொட்டும் ஊரில் வறண்ட நில ஆய்வு மையமா என்று தோன்றும். டொட்டோரியில் கடற்கரையோரம் 16 கி.மீ. நீளத்துக்கு மணல்மேடுகள் இருக்கின்றன. அந்த மணலைக் கட்டுப்படுத்திப் பயிர் செய்யக் கற்றதிலிருந்து வளர்ந்ததுதான் டொட்டோரி பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆய்வு மையம். பாலைவனத்தின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் செயற்கையாக உண்டாக்கும் பெரிய கண்ணாடிக் கூடம் அங்கே இருக்கிறது. மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வெப்பம் தாங்கும் கோதுமை, உப்புமண், மங்கோலியாவிலிருந்து கிளம்பும் புழுதிப்புயல் ஆகியவை அவர்களின் பலம். களப்பணிக்கு மங்கோலியா, ஆப்பிரிக்கா என்று போவார்கள். சூடான் அவர்களின் முக்கியக் களங்களில் ஒன்றாக இருந்தது. 2023 ஏப்ரலில் அங்கே போர் மூண்டது.

பணத்தில் இதுதான் நிம்மதியான தேர்வு. தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, விமானச் செலவு அவர்களுடையது, மாதம் சுமார் 1,44,000 யென் கைக்கு வரும். காலம்தான் இங்கே மறைமுகச் செலவு. பலர் முதலில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆய்வு மாணவராக இருந்து, நுழைவுத் தேர்வு எழுதிய பிறகே முதுநிலைக்குள் போகிறார்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். கடை, மருத்துவமனை, வீட்டு உரிமையாளர் எல்லோருக்கும் ஜப்பானிய மொழி வேண்டும். பயிர் உடலியங்கியல், மரபியல் ஆட்களுக்கு அருமையான இடம். சமூகத்தோடு சேர்ந்து நிலத்தை நிர்வகிப்பது பற்றிப் படிக்க விரும்புபவர் இங்கே வர வேண்டாம்.

## ஐரோப்பா: வாகெனிங்கன், கொலோன்

நெதர்லாந்தில் ஏது பாலைவனம்? இல்லைதான். ஆனால் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு நிலம், நீர் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் நீர்ப்பாசனம், மண்பாதுகாப்பு, நீர் அரசியல் மூன்றும் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. ஆய்வேட்டையும் பயிற்சிக்காலத்தையும் உலகில் எங்கு வேண்டுமானாலும் செய்யலாம். கென்யாவோ, ஆந்திராவோ, சொந்த மாவட்டமோ, களத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மனிதர்களை மையத்தில் வைக்கும் படிப்பு வேண்டும் என்றால் இந்த ஒப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான்.

விலை கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குக் கட்டணம் வருடத்துக்கு 20,000 யூரோவைச் சுற்றி. முழு உதவித்தொகை மிகக் குறைவு. வீடு கிடைப்பது பெரும்பாடு. தூரதேசத்தில் களம் வைத்தால் அந்தப் பயணச் செலவும் பல நேரம் உங்கள் தலையில்தான்.

ஜெர்மனியில் கணக்கு மாறுகிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தனியாகக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. கொலோன் நகரத்தின் டிஹெச் கொல்ன் (TH Köln) பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்பமண்டல வளங்களுக்கான நிறுவனம், மெக்சிகோவின் அரை வறண்ட சான் லூயிஸ் பொட்டோசியோடு சேர்ந்து இரட்டைப் பட்டம் நடத்துகிறது. விசாவுக்கு முடக்குக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும், இந்திய மாணவர்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகும் பணத்தையும் மாதங்களையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்குத் தரும் எபோஸ் (EPOS) உதவித்தொகையைக் கல்லூரி முடித்த கையோடு கேட்க முடியாது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நீர்வடிப்பகுதித் திட்டத்திலோ தொண்டு நிறுவனத்திலோ இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இதுதான் சரியான வாசல்.

## இங்கேயே: ஐதராபாத், ஜோத்பூர்

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். பதிவுகளின் அடிப்படையில் எடை போட்டால் இதை ஒதுக்க முடியாது. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட், அரை வறண்ட வெப்பமண்டலப் பயிர்களை ஆராயும் ஒரு பன்னாட்டு நிறுவனம். அங்கே கரிசல் மண்ணில் ஒரு நீர்வடிப்பகுதிச் சோதனை 1976இலிருந்து நடக்கிறது. அகலப் பாத்தி, வடிகால் சால், ஊடுபயிர், உரம் எல்லாம் சேர்ந்த நிலத்தில் ஹெக்டேருக்கு வருட சராசரி சுமார் 5 டன் தானியம். பக்கத்தில் பழைய முறையில் சுமார் 1 டன். ஏன் எல்லா விவசாயியும் அதற்கு மாறவில்லை என்ற கேள்விக்கும் தரவு உண்டு. அவுரெபள்ளே, ஷிராப்பூர், கன்ஸாரா போன்ற கிராமங்களில் 1975இலிருந்து வீடுவீடாக வரவு, செலவு, கடன், பயிர் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். இது அரிசோனாவில்கூடக் கிடைக்காது. ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் (காஸ்ரி) 1959இலிருந்து தார் பாலையில் வேலை செய்கிறது. கோவில்பட்டியின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து கரிசலில் நிற்கிறது.

இவை பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் அல்ல. வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கைடின் சம்மதத்தோடு ஆய்வேட்டை அங்கே செய்ய வேண்டும். அந்தச் சம்மதம் எளிதாகக் கிடைக்காது. தலைப்பைக் கைடே கொடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆனாலும் விவசாயியிடம் நேரடியாகப் பேசி அவர் சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்வது, மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தும் எந்த ஆய்விலும் வராது.

## ஒரே பார்வையில்

| இடம் | மழை | பணம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| நெகேவ் | குளிர்காலம், மிகக் குறைவு | உதவித்தொகை வாய்ப்பு நன்று | போர், விசா முத்திரை | நீர்த் தொழில்நுட்பம், பாலைச் சூழலியல் |
| அரிசோனா | கோடையும் குளிர்காலமும் | கைடிடம் பணம் இருந்தால் மட்டும் | கோடை மாதங்கள், வண்டி | மேய்ச்சல் நிலம், நீரியல், முள்மரப் பரவல் |
| டொட்டோரி | தேவையில்லை, செயற்கைக் கூடம் | மெக்ஸ்ட் | கூடுதல் காலம், மொழி | பயிர் உடலியங்கியல், மரபியல் |
| வாகெனிங்கன், கொலோன் | களம் உங்கள் தேர்வு | வாகெனிங்கன் கடினம், கொலோன் எளிது | வீடு, முடக்குக் கணக்கு | சமூகம், கொள்கை, நீர் அரசியல் |
| இந்தியா | தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை | மிகக் குறைவு | நிர்வாகத் தாமதம் | மானாவாரி, சிறு விவசாயம் |

சவூதியின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் (காஸ்ட்) சிலர் கேட்கிறார்கள். கட்டணம், வீடு, மாதப்பணம் எல்லாம் அவர்களே தருகிறார்கள், பாலைவன வேளாண்மை பற்றி நல்ல ஆய்வும் நடக்கிறது. அது முழுக்க ஆய்வக அறிவியல். அந்த ஆசை இருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.

## நான் சொல்லக்கூடியது

கல்லூரி இப்போதுதான் முடித்து, கையில் பணமும் உதவித்தொகையும் இல்லாதவர் முதுநிலையை இங்கே முடிக்கட்டும். இக்ரிசாட் மாதிரி இடத்தில் ஒரு மழைக்காலத்தையாவது ஒழுங்காக அளந்து, அதோடு அங்கிருக்கும் பழைய பதிவுகளையும் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிடட்டும். அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு அரிசோனாவுக்கோ டொட்டோரிக்கோ விண்ணப்பித்தால் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு பல மடங்கு. ஏற்கெனவே களத்தில் வேலை பார்ப்பவர் ஜெர்மனியை முதலில் பார்க்கட்டும். வீட்டை அடமானம் வைத்து முதுநிலைக்குப் போவதை எந்த நாட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் உங்களைப் பற்றி நான்கு வரி போதும். பிறகு கேளுங்கள்: என் களம் எங்கே, அங்கே எந்த வருடத்திலிருந்து பதிவு இருக்கிறது, அதை நான் பயன்படுத்த அனுமதி உண்டா, களச் செலவு எந்தத் திட்டத்திலிருந்து வரும், உங்களிடம் கடைசியாக முடித்த மூன்று மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள். அந்த மூவரில் ஒருவருக்காவது தனியாக எழுதிப் பேசிப் பாருங்கள்.

காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தூதரகம் வழியாக மெக்ஸ்டுக்கு விண்ணப்பிக்க ஏப்ரல், மே வாக்கில் கதவு திறக்கும். எபோஸ் படிப்புகள் பலவற்றின் கடைசி நாள் முந்தைய வருடம் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் வந்துவிடும். அமெரிக்காவுக்கு டிசம்பர், ஜனவரி. கைடுகளுக்கு எழுதுவதை அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஜூன் வந்துவிட்டால் வறண்ட நில ஆய்வாளர்கள் பாதிப்பேர் களத்துக்குப் போய்விடுவார்கள், பதில் வரத் தாமதமாகும்.